மேம்பாட்டு முறைகளைச் சேர்த்தே கையாள வேண்டும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார உற்பத்தியாளர்களின் நிலைப்பாடு

இந்த ஆண்டு ஃபைவ் எஸ் (பணியிட ஒழுங்கு), அடுத்த ஆண்டு லீன் (விரயக் குறைப்பு), அதற்கடுத்து சிக்ஸ் சிக்மா (புள்ளிவிவரத்தால் குறை களைதல்) என்று பேனரை மட்டும் மாற்றிக் கட்டும் வழக்கத்தை எங்கள் சங்கம் ஏற்கவில்லை. இவை சேர்ந்தே பயன்பட வேண்டும். எதை முதலில் எடுப்பது என்பதை அந்தந்தத் தொழிலின் கோளாறுதான் சொல்ல வேண்டும்.

1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய ஊர் இது, நூற்பிலிருந்தே சொல்கிறோம். ரிங் ஃபிரேமில் நூல் அடிக்கடி அறுந்தால் அதைக் கவனிக்கும் தொழிலாளியான சைடரைத் திட்டுவது எளிது. நூலை வழிநடத்தும் டிராவலர் தேய்ந்திருக்கலாம், கார்டிங் கம்பி மழுங்கியிருக்கலாம், கூடத்தில் ஈரப்பதம் குறைந்திருக்கலாம், பஞ்சு லாட் மாறியிருக்கலாம். தேய்ந்ததைக் காலத்தில் மாற்றும் ஒழுங்கை டிபிஎம் என்னும் முழு உற்பத்திப் பராமரிப்பு முறை தரும். அதற்குப் பிறகும் அறுபடுவதை லாட் வாரியாக, ஃபிரேம் வாரியாகக் கணக்கெடுத்துக் காரணம் பிரிப்பது சிக்ஸ் சிக்மாவின் வேலை. பராமரிப்பில்லாத மெஷினில் எடுக்கும் புள்ளிவிவரம் பழுதைத்தான் அளக்கும்.

எங்கள் வட்டாரத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியில் கதை வேறு. தறியிலிருந்து இறங்கிய துணி வெளுப்புக்கும் உலர்த்தலுக்கும் வெட்டுக்கும் காத்துக் கிடக்கிறது. அங்கே லீன் முந்த வேண்டும். ஆனால் வெளுப்பு சரியில்லாத துணி நீரை உறிஞ்சாது. அதை வேகமாக அனுப்பினால் வேகமாகத் திரும்பி வரும்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் பாலின் கொழுப்பு, சர்க்கரை, இறக்கிய எடை மூன்றையும் தினமும் எழுதி வைத்தாலே பாதி வேலை முடியும். பதம் பார்த்து இறக்குபவரின் கண்ணுக்கு எந்தப் படிவமும் ஈடில்லை. அதை மாற்ற யாரும் முயல வேண்டாம்.

எந்த முறைக்கும் பொறுமை வேண்டும். 1998-இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனமான சுந்தரம் கிளேட்டன், ஆண்டுக்கணக்கில் முழுத் தர மேலாண்மையில் உழைத்தே அந்த நிலையை அடைந்தது. இரண்டு நாள் பயிற்சியில் அது வராது.

மேம்பாட்டால் மிச்சமாகும் நேரத்தைக் காட்டி ஆட்குறைப்பு செய்வதை எதிர்க்கிறோம். யோசனை சொன்ன தொழிலாளியே வேலை இழந்தால் அடுத்த யோசனையை யார் சொல்வார்? அவரை வேறு பிரிவுக்கு மாற்றுங்கள்.

2023-இல் மத்திய அரசு புதுப்பித்த குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான (எம்எஸ்எம்இ) லீன் திட்டம் ஆலோசனைச் செலவில் 90 சதவீதத்தை ஏற்பதை வரவேற்கிறோம். ஆலோசகர் கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, ஓராண்டு கழித்து அதே மெஷினில் மீண்டும் அளந்து பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். பயிற்சிப் படிவங்கள் ஷிப்டில் நிற்பவர் படிக்கும் தமிழில் இருக்க வேண்டும்.