பெயரைக் கேட்டா ஆள் எடுப்பது?

கடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளாத வணிகர் இன்று நம்மிடையே இல்லை. ஆனால் வேலை கேட்டு வந்து நிற்கும் பையனிடம் நாம் முதலில் கேட்பது என்ன? எடை போடத் தெரியுமா, கணக்கு வருமா என்றல்ல. "பேர் என்ன தம்பி, எந்த ஊர், அப்பா பேர் என்ன?" என்பதுதான். பதில் மனதுக்கு ஒட்டவில்லையானால், "சொல்லி அனுப்புகிறோம்" என்கிறோம். சொல்லி அனுப்புவதில்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் நம்மைவிட உயர்ந்துவிடவில்லை. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு ஆய்வாளர்கள், நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தனர். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. 2007-இல் வெளிவந்த முடிவு: நேர்முகத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

நம் பக்கம் பெயரோடு சாதியைச் சேர்த்து எழுதும் வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு போட்ட அடித்தளம் அது. பெயரில் விடுபட்டதை நாம்தான் ஊரிலும் தெருவிலும் தகப்பனார் பெயரிலும் துழாவி எடுத்துக்கொள்கிறோம்.

"கல்லாவில் கை வைக்கிறவன் தெரிந்தவனாக இருக்க வேண்டாமா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. இரவில் கடைச் சாவி யாரிடம் என்பது சிறு வணிகருக்குச் சின்ன விஷயமல்ல. ஜாமீன் சொல்ல ஒருவரை அழைத்து வரச் சொல்லுங்கள். முன்பு வேலை பார்த்த கடையில் விசாரியுங்கள். ஆனால் ஜாமீன் வேறு, சாதி வேறு. சொந்தக்காரப் பையனே சரக்கைப் பின்வாசல் வழியாகத் தள்ளிய கதைகள் நம் கடைத்தெருவில் குறைவா என்ன?

அரிசி வாங்கும்போது சாக்கின் மேல் அச்சடித்த பெயரை நம்பியா பணம் கொடுக்கிறோம்? குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டுப் பார்த்த பிறகுதானே விலை பேசுகிறோம். ஆளையும் ஒரு வாரம் சம்பளம் கொடுத்து வைத்துப் பாருங்கள். பொட்டலம் கட்டுவதும், சிட்டையைக் கூட்டுவதும், பாக்கி வைத்த வாடிக்கையாளரிடம் முகம் கோணாமல் பேசுவதும் அதற்குள் தெரிந்துவிடும்.

சங்கங்கள் வேலை தேடுவோருக்கென ஒரு பதிவேடு வைக்கலாம். வரிசை எண், வயது, அனுபவம், தெரிந்த வேலை, ஜாமீன் உண்டா என்ற விவரம் போதும். எண்ணைப் பார்த்து அழைப்போம். அவர் தராசின் முன் ஒரு மணி நேரம் நின்ற பிறகு பெயரைக் கேட்டுக்கொள்ளலாம். இதை அடுத்த பொதுக்குழுவில் பேச விரும்பும் உறுப்பினர்கள் முன்கூட்டியே செயலாளருக்கு எழுதட்டும்.