மண்டைக்குள் மின்சாரம்

மனித மனத்துக்குள் புகுந்து பார்ப்பதுதான் என் தொழில். நானே படைத்த பாத்திரங்கள்கூட என்னிடம் பாதியை மறைத்துவிடுகின்றன. அப்படியிருக்க, தலையில் நாலு கம்பியை ஒட்டி மனத்தைப் படித்துவிடலாம் என்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே பயமும் வருகிறது.

உடம்புக்குத் தெரியாத அளவில் மின்சாரத்தைத் தலை வழியே செலுத்தி, அதற்கு எவ்வளவு தடை என்று அளக்கும் முறை ஒன்று உண்டு. ரத்தத்தில் தடை குறைவு. ரத்தம் கிடைக்காமல் வீங்கிய மூளைப் பகுதியில் அதிகம். பக்கவாதத்தில் விழுந்தவனுக்கு நேர்ந்தது அடைப்பா, கசிவா என்று இதைக் கொண்டு அறியலாமா என ஆராய்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கசிவுக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அது நல்ல ஆராய்ச்சி. அதில் திசுவின் நிலை தெரியும்; எண்ணம் தெரியாது.

நாமோ, மூளையே எழுப்பும் மின்னலைகளைப் பதிந்து குற்றவாளியைத் தேடப் போனோம்! 2008-ல் புனேயில் ஒரு கொலை வழக்கில் அந்தப் பதிவும் சாட்சியமாயிற்று. 2010-ல் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் இச்சோதனை கூடாது, சம்மதத்தையும் மாஜிஸ்திரேட் முன் பதிய வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன்: இரவெல்லாம் லாக்கப்பில் கிடந்த ஏழை, காலையில் மாஜிஸ்திரேட் முன் தலையாட்டினால் அதற்குப் பெயர் சம்மதமா?

கம்பியை வைத்தியரிடம் கொடுங்கள், ஐயா. போலீஸ்காரர் கையில் வேண்டாம்.