கட்டை விரலின் விலை

தமிழில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. அது வசைச் சொல் அல்ல. படித்தவர்களும் பெரிய மனிதர்களும் தாராளமாகப் பயன்படுத்துகிற கண்ணியமான சொல்தான். 'அஜாக்கிரதை' என்பது அந்தச் சொல்.

தச்சர் ஒருவருக்கு ரம்பத்தில் இரண்டு விரல்கள் போய்விட்டன என்று கேள்விப்படுகிறோம். 'ஐயோ, பாவம்!' என்கிறோம். அடுத்த மூச்சிலேயே, 'கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்கக் கூடாதா? எல்லாம் அஜாக்கிரதைதான்!' என்று தீர்ப்பும் சொல்லி விடுகிறோம். வழக்கு முடிந்தது. குற்றவாளி அகப்பட்டு விட்டார், விரலை இழந்தவரேதான்! அடிபட்டவரைக் கூண்டில் ஏற்றிவிட்டு, மற்ற எல்லாரையும் விடுதலை செய்து விடுகிற சாமர்த்தியம் இந்தச் சொல்லுக்கு இருப்பதுபோல் எந்தப் பெரிய வக்கீலுக்கும் கிடையாது.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். என் தொழிலுக்குக் கருவி ஒரு பேனா. அது வழுக்கினால் காகிதம்தான் கெடும். 'உளியையும் ரம்பத்தையும் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை?' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாத்திரம் ஒன்று விழுந்தால், அதை யார் தள்ளினார்கள் என்று தெரிந்து கொள்ளாமல் அவனால் அடுத்த அத்தியாயத்துக்குப் போக முடியாது. எங்கள் தெருவில் இரண்டு வருஷங்களுக்குள் ஐந்தாறு வீடுகள் எழும்பின. நின்று பார்த்திருக்கிறேன், வேலை செய்கிறவர்களிடம் பேசியிருக்கிறேன். பார்த்ததையும் விசாரித்து அறிந்ததையும் வைத்துக் கொண்டுதான் இந்தச் சொல்லோடு சண்டைக்கு நிற்கிறேன்.

இன்று எந்தக் கட்டட வேலை நடக்கிற இடத்துக்குப் போனாலும் காதைத் துளைக்கிற ஓர் அலறல் கேட்கும். எல்லாரும் 'கட்டிங் மெஷின்' என்று சொல்லுகிற கை கிரைண்டர் அது. இரும்புக் கம்பியை அறுக்க, கிரானைட்டை வெட்ட, சுவரில் குழாய் பதிக்க வழி எடுக்க, மரத்தை அறுக்க, சகலத்துக்கும் அது ஒன்றுதான். அதில் பூட்டுகிற வட்டு 4 அங்குலம், உள்ளங்கை அகலம். பார்த்தால் பயமே வராது. ஆனால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 11,000 தடவை அது சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது! வெட்டுகிற இடுக்கில் அது சிக்கிக் கொண்டால், யந்திரம் முழுவதும் துள்ளிப் பிடித்திருப்பவர் மேலேயே பாயும். வட்டில் விரிசல் இருந்தால் துண்டு துண்டாகத் தெறிக்கும். இது தெரிந்துதான் யந்திரத்தைச் செய்தவர்கள் வட்டைப் பாதி மூடும்படி ஓர் இரும்புக் கவசத்தையும், இரண்டாவது கையால் பிடித்துக் கொள்ளப் பக்கவாட்டில் ஒரு பிடியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கவசம் எங்கே? அந்தப் பிடி எங்கே? நான் பார்த்த யந்திரங்களில் முக்கால்வாசிக்கு மேல் இரண்டும் இல்லை. கவசம் இருந்தால் ஆழமாக வெட்ட முடியாது. 5 அங்குல வட்டைப் பூட்ட முடியாது. ஆகவே கழற்றி எறிந்தாகிவிட்டது. மரம் அறுக்க வேண்டுமென்றால் பல் வைத்த வட்டை அதிலேயே மாட்டுகிறார்கள். 'பல் வைத்த வட்டை இதில் பூட்டாதே, துள்ளும், கைக்கு அடங்காது' என்று யந்திரத்தோடு வருகிற புத்தகம் எச்சரிக்கிறது. அந்தப் புத்தகம் காலிப் பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்குகிறது.

இப்போது சொல்லுங்கள். அந்த வட்டு ஒரு நாள் துள்ளி ஒருவர் கையைக் கிழித்தால், அது அந்தக் கணத்து அஜாக்கிரதையா? கவசத்தைக் கழற்றிய அன்றே எழுதி, தேதி மட்டும் போடாமல் வைத்திருந்த சீட்டு அல்லவா அது?

'அவர் முப்பது வருஷ அனுபவசாலி ஐயா! அவருக்கு எதற்குக் கவசமும் கண்ணாடியும்?' என்று என்னிடம் வாதாடினார், வீடு கட்டிக் கொண்டிருந்த நண்பர் ஒருவர். அனுபவத்தினிடம் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அது எதுவரை துணைக்கு வரும் என்று பார்க்க வேண்டாமா? கை ரம்பம் கையின் வேகத்தில் போகிறது. பல் தோலில் பட்டதும் கை நிற்கும். கை நின்றால் ரம்பமும் நிற்கும். காயம் படும், விரல் மிஞ்சும். மின்சார வட்டு நம் கையைக் கேட்டுக் கொண்டு ஓடவில்லை. சுருக்கென்று பட்டு, கையை இழுத்துக் கொள்ளக் கால் விநாடி ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்தக் கால் விநாடிக்குள் வட்டு 45 தடவை சுற்றி முடித்திருக்கும். முப்பது வருஷ அனுபவம் கைக்கு நேர்த்தியைக் கொடுக்கும். மோட்டாரை முந்துகிற நரம்பைக் கொடுக்காது.

நம் பெரியவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் புத்திசாலிகள். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்து எடுத்துக் கொள்ளச் சொல்ல வேண்டும் என்பார்கள். கொடுத்தால் சண்டை வரும் என்று ஒரு காரணமும் சொல்லுவார்கள். சண்டை வருமோ என்னவோ, கீழே வைத்தால் நிச்சயமாக ரத்தம் வராது. காய் நறுக்கிய பிறகு அரிவாள்மணையைச் சாய்த்து வைக்காமல் எழுந்து போனவர்களைப் பாட்டி சும்மா விட்டதுண்டா? உளிக்குச் சாணை பிடிக்கத் தெரியாதவனைத் தச்சர்கள் தச்சன் என்று ஒப்புக் கொள்வதே இல்லை. மழுங்கிய உளியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் கை போகும். கூர்மையான கருவியே பத்திரமான கருவி என்பது அவர்கள் கண்ட உண்மை.

தலைமுறை தலைமுறையாகப் பழகி உண்டான ஆசாரங்கள் இவை. மின்சாரக் கருவிக்கு அந்த வயசு ஆகவில்லை. கையில் பிடித்து வேலை செய்யும் மின்சாரத் துளைக் கருவி ஜெர்மனியில் ஃபைன் என்பவரின் பட்டறையில் பிறந்தது 1895-இல். கைத்துப்பாக்கியைப் போன்ற பிடியும் விசையும் வைத்த துளைக் கருவிக்கு அமெரிக்காவில் பிளாக், டெக்கர் என்ற இரு கூட்டாளிகள் காப்புரிமை பெற்றது 1917-இல். நம் தெருவுக்கு அது வந்து சேர்ந்தது நேற்று. அதற்கு என்ன ஆசாரம் என்று சொல்லித் தரப் பாட்டிக்கே தெரியாது. நாம்தான் அதை உண்டாக்க வேண்டும்.

'கவசத்தைக் கழற்றுகிறவர்களே தொழிலாளர்கள்தானே? கண்ணாடி வாங்கிக் கொடுத்தால்கூடப் போட மாட்டேன் என்கிறார்களே!' இதுவும் அந்த நண்பரின் வாதம்தான். உண்மை, ஒப்புக் கொள்கிறேன். சித்திரை வெயிலில் கண்ணாடிக்குள் வேர்வை வழிந்து பார்வை மங்குகிறது. கவசம் வேலையைத் தாமதமாக்குகிறது. ஆனால் தாமதம் ஆனால் என்ன என்று கேட்டுப் பார்த்திருக்கிறோமா? கூலி சதுர அடிக் கணக்கு. தாமதமானால் அடுப்பில் உலை தாமதமாகும். 'வெள்ளிக்கிழமை கிரகப் பிரவேசம். வியாழக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும்' என்று உத்தரவு போட்டது யார்? மூன்று மேஸ்திரிகளிடம் விலை கேட்டு, மூவரில் குறைவாகச் சொன்னவரிடம் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னது யார்? அந்தக் குறைந்த விலைக்குள் குறைந்தது எது? சிமெண்டைக் குறைத்தால் கண்டு பிடித்து விடுவோம். டைல்ஸில் நிறம் மாறினால் ஊரைக் கூட்டி விடுவோம். கவசமும் கண்ணாடியும் குறைந்தால் நமக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் நஷ்டம் நம்முடையது இல்லை.

அந்த யந்திரத்துக்கு மின்சாரம் எப்படி வருகிறது என்று குனிந்து பாருங்கள். வயர் முனையில் பிளக் இருக்காது. இரண்டு கம்பிகளையும் உரித்துச் சாக்கெட்டின் துவாரங்களில் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கியிருப்பார்கள். கீழே, டைல்ஸ் வெட்டும்போது தூசி அடங்க ஊற்றிய தண்ணீர் குளமாக நிற்கும். அதன் நடுவே வெறுங்காலோடு ஒரு பையன். 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே கண் மூடித் திறப்பதற்குள் இணைப்பைத் துண்டித்து விடுகிற காப்பு விசை எந்த மின்சாமான் கடையிலும் கிடைக்கிறது. வீட்டுக்குள் நாம் குடி போன பிறகு நமக்காக அதை வைத்துக் கொள்கிறோம். கட்டுகிறவர்களுக்கு முதல் நாளே வைத்துக் கொடுத்தால் என்ன?

நான் கேட்பது பிரமாதமான காரியம் ஒன்றுமில்லை. வட்டின் மேல், அது எத்தனை சுற்று தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறது. யந்திரத்தின் மேல், அது எத்தனை சுற்று சுற்றும் என்று எழுதியிருக்கிறது. முதல் எண் இரண்டாவதற்குக் குறையக் கூடாது. 7 அங்குல வட்டு ஏறக்குறைய 8,500 சுற்றுக்கென்று செய்தது. தேய்ந்து சிறிதாகிவிட்டது என்று அதைச் சின்ன யந்திரத்தில் மாட்டி மிச்சம் பிடிப்பது மிச்சமே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த வீட்டுக்காரர் இந்த இரண்டு எண்களையும் படித்துப் பார்க்கலாமே!

கருவியைக் கொண்டு வருகிற விதத்திலும் ஆபத்து இருக்கிறது. உளி, சுத்தி, ரம்பம், யந்திரம் எல்லாவற்றையும் ஒரே சிமெண்டுச் சாக்கில் திணித்து மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டு வருகிறார்கள். சுத்தி பட்டு வட்டில் மயிரிழை விரிசல் விழும். அந்த விரிசல் மறுநாள் 11,000 சுற்றில் வாய் திறக்கும். உளி முனைக்கு ஓர் உறை, வட்டுக்குத் தனிப் பெட்டி, இவை போதும். வயரைப் பிடித்து யந்திரத்தைத் தூக்கக் கூடாது. ஏணியில் ஏறுகிறவர் இரு கைகளும் காலியாக ஏற வேண்டும். கருவி வாளியில் கயிறு கட்டிப் பின்னால் வரட்டும்.

வட்டை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். விசையை அணைத்த பிறகும் வட்டு சில விநாடிகள் சுற்றும். அது நிற்கும்வரை கீழே வைக்கக் கூடாது. கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி வேண்டும். தோளில் தொங்கும் துண்டும் விரலில் மோதிரமும் வேண்டாம். நல்லெண்ணம் படைத்த சிலர் துளை போடுகிறவருக்குத் துணிக் கையுறை வாங்கித் தருகிறார்கள், அதுவும் வேண்டாம். சுற்றுகிற முனை துணியைப் பற்றினால் விரலையும் சேர்த்து முறுக்கி இழுக்கும். இதற்கெல்லாம் ஆகிற மொத்தச் செலவு, வாசல் கதவுக்கு நாம் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுக்கிற பித்தளைப் பிடியின் விலைக்குள் அடங்கிவிடும்.

மனிதன் என்றால் ஒரு கணம் கவனம் தவறத்தான் செய்வான். அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்ற வக்கீல் இதை ஏற்றுக் கொண்டு யோசித்தார். அவர் பௌதிகம் படித்தவர். பொழுதுபோக்குக்குத் தச்சு வேலை செய்கிறவர். விரல் பட்டதும் தோலின் மின் கடத்தும் தன்மையைக் கொண்டே அதை உணர்ந்து, ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்குக்குள் வட்டை நிறுத்தி விடுகிற மேஜை ரம்பத்துக்கு அவர் 1999-இல் வழி கண்டார். விரலில் ஒரு கீறலோடு தப்பலாம். பெரிய உற்பத்தியாளர்கள் அதை எடுத்துக் கொள்ளவில்லை. அவரே கம்பெனி தொடங்கி 2004-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தார். அந்த விலை உயர்ந்த ரம்பத்தை எல்லாரும் வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தொழிலாளியின் ஒரு கணத் தவறுக்கு விரலையே தண்டனையாகக் கொடுக்க வேண்டியதில்லை என்று அந்த ரம்பம் நிரூபித்து விட்டது. நம் கவசத்துக்கோ காப்புரிமைக் கட்டணம்கூட இல்லை. அது விலையிலேயே சேர்ந்து பெட்டியோடு வந்தது!

1923-இல் இயற்றி, பிறகு திருத்தப்பட்டு வந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் நஷ்டம். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. நடு விரலுக்கு 12. மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7. சட்டம் எழுதுகிறவர்கள் ஏதாவது ஒரு கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் உளியைப் பிடித்து வாழ்கிறவருக்குக் கட்டை விரல் 30 சதவீதம்தானா? நாள் கூலிக்கு வந்து போகிறவருக்கு, இன்னாரிடம் வேலை செய்தேன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதவருக்கு, அந்த 30-ஐத்தான் யார் கொண்டு போய்க் கொடுப்பார்கள்?

ஏகலைவனிடம் கட்டை விரலைக் கேட்டதற்காகத் துரோணரை இன்று வரை நாம் மன்னிக்கவில்லை. துரோணராவது வாய் திறந்து கேட்டார். கேட்டது தாம்தான் என்று ஊர் அறியக் கேட்டார். நாம் கேட்பதில்லை. கூலியைக் குறைக்கிறோம், நாளைக் குறைக்கிறோம், கவசம் இல்லாததைப் பார்த்தும் பாராதது போல் இருக்கிறோம். விரல் தானாக விழுகிறது. விழுந்ததும் நமக்கு ஒரு நல்ல சொல் கைவசம் இருக்கிறது.

வருஷா வருஷம் ஆயுத பூஜை வருகிறது. உளிக்கும் ரம்பத்துக்கும் கட்டிங் மெஷினுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்கிறார்கள். கவசம் இல்லாத வட்டுக்கும் பொட்டு உண்டு. பிரசாதம் வாங்கிக் கொள்ள நாமும் போய் நிற்கிறோம். இந்த முறை நிற்கும்போது, சுண்டலுக்குக் கை நீட்டுமுன், அந்தக் கவசத்தைக் கொண்டு வந்து பூட்டச் சொல்லுங்கள். அதற்காக ஒரு நாள் அதிகமானால் அந்த ஒரு நாள் கூலியையும் கொடுத்து விடுங்கள். பிறகு எவராவது உங்களிடம் வந்து 'அஜாக்கிரதை' என்று சொன்னால், 'யாருடைய அஜாக்கிரதை?' என்று திருப்பிக் கேளுங்கள்.