வீட்டைப் பார்த்து நாயைத் தேடுங்கள்

நீலக் கண்கள், ஓநாய் முகம், புசுபுசுவென்று வால். சைபீரியன் ஹஸ்கியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வடகிழக்கு சைபீரியாவின் சுக்சி மக்கள், பனியில் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த இனம் அது. உடலில் இரண்டு அடுக்கு ரோமம். மணிக்கணக்கில் ஓடினாலும் தளராத கால்கள். அதைச் சென்னையில், அடுக்குமாடி வீட்டுக்குள், கத்திரி வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? பகலெல்லாம் ஏ.சி. ஓட வேண்டும். கரண்ட் போனால் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். ஓட இடமில்லாத தவிப்பில் சோபாவைக் குதறும். தப்பு நாயின் மேல் இல்லை.

2003-ல் வந்த ஹட்ச் கைபேசி நிறுவன விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே நடந்த பக் நாயும் இப்படித்தான் வீடுகளுக்குள் வந்தது. விளம்பரம் ஒன்றைச் சொல்லவில்லை. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுக்க வியர்க்காது. இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சப்பை மூக்கோடு பிறந்த பக்குக்கு அந்த இரைப்பே பெரும்பாடு. உச்சி வெயிலில் நடக்க விட்டால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் நம் மண்ணின் இனங்களையே வாங்கலாமே என்று ஒரு குரல் உடனே எழும். 2005-ல் அஞ்சல் துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் தமிழக இனங்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். பெருமைதான். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் வெட்டவெளிக் காட்டில் முயலைத் துரத்திப் பிடிக்க வளர்ந்தவை. கண்ணில் அசைவு பட்டால் பாய்வது அவற்றின் பிறவிக் குணம். ராஜபாளையம் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பழகியது. வீட்டாரிடம் உயிரையே வைக்கும், அயலாரை எளிதில் ஏற்காது. தோப்பும் சுற்றுச்சுவரும் உள்ள வீட்டுக்கு இவற்றை மிஞ்சிய துணை இல்லை. நாளுக்குப் பத்துப் பேர் பார்சலோடு காலிங்பெல் அடிக்கும் அடுக்குமாடிக்கு இவை ஆகாது. வேட்டை நாயைப் பால்கனியில் கட்டிப்போடுவது, ஹஸ்கியை வெயிலில் வாட்டுவதற்குச் சற்றும் குறைந்த கொடுமையல்ல.

லாப்ரடார் பாதுகாப்பான தேர்வு என்பார்கள். குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் தீராப் பசி. சுமார் நான்கில் ஒரு லாப்ரடாருக்கு அந்தப் பசி மரபணுவிலேயே இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்தார்கள். மிச்சச் சோறும் பிஸ்கட்டும் ஆளுக்கொரு கை ஊட்டும் வீட்டில் அது ஊதிப்போகும். பிறகு மூட்டு வலி வரும்.

ஆகவே இனத்தைப் பற்றிப் பேசும் முன் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை வீட்டில் யார் இருப்பார்கள்? யாரும் இல்லையென்றால் எந்த இனக் குட்டியும் அந்த வீட்டுக்கு ஏற்றதல்ல. வாடகை வீடா? வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டாக வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது யாரிடம் விடுவது? பத்துப் பன்னிரண்டு வருடப் பொறுப்பு இது. ஆசைப்பட்டு அடம்பிடித்த பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போன பின்னும் நாய் வீட்டில் இருக்கும்.

தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்கு, இனப் பெயர் எதுவும் இல்லாத சாதாரண நாட்டு நாயே சரி. குட்டை ரோமம், வெயில் தாங்கும் உடம்பு, வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழகும் வயிறு. அதிலும் குட்டியைவிட வளர்ந்த நாய் மேல். உயரம், குணம், குழந்தைகளிடம் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் கண்ணெதிரே தெரியும். சென்னை புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் அப்படி நாய்கள் காத்திருக்கின்றன. குட்டிதான் வேண்டுமென்றால் தாயை நேரில் பார்க்காமல் வாங்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி தவறு.

முடிவெடுக்கும் முன் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அரை மணி நேரம் தவறாமல் நடங்கள், மழையிலும்கூட. முடியவில்லையென்றால் இந்த வருடம் நாய் வேண்டாம்.