பாட்டு ஊரேறியது, பாடியவர் பெயர் எங்கே?

பென்னாகரம் வட்டத்தில், ஒகேனக்கல் காடுகளை ஒட்டிய பகுதிகளில் இருளர் குடியிருப்புகள் உள. அம்மக்களின் பாட்டை நம்முள் எத்துணைப் பேர் செவிமடுத்திருக்கின்றோம்? ஊர்த் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டித் திரைப்பாட்டை அலறவிடுவதில் மட்டும் நமக்குக் குறைவில்லை!

2020-இல் வெளிவந்த ‘ஐயப்பனும் கோசியும்’ என்னும் மலையாளத் திரைப்படத்தில், அட்டப்பாடி மலையின் இருளர் குலத்து நஞ்சியம்மா தம் தாய்மொழியிலேயே பாட்டுப் புனைந்து பாடினார். ஆடுமாடு மேய்த்து வாழ்ந்தவர் அவர். 2022-இல் நடுவண் அரசின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது அவருக்கு அறிவிக்கப்பெற்றது. முறையாக இசை பயிலாதவர்க்கா இவ்விருது என்று சிலர் முகஞ்சுளித்தனர். பயிற்சியென்பது சரளி வரிசை மட்டுந்தானோ? தலைமுறை தலைமுறையாய்த் தாயின் வாய்வழி மகள் கற்று வந்தது பயிற்சியாகாதோ?

இருளர் மொழியைத் தமிழின் சிதைவெனக் கருதி ஒதுக்கியோர் பலர். செக்கு நாட்டறிஞர் கமில் சுவெலபில் அதனை ஆய்ந்து 1973-இல் நூல் வெளியிட்டார். தமிழோடு மிக நெருங்கிய உறவு பூண்ட தனிமொழி அது என்பது அவர் ஆய்வின் முடிபு. அட்டப்பாடி இருளர் தம் ஊதுகருவியைக் ‘கொகல்’ என்பர். அச்சொல்லைக் கேட்குந்தோறும் நம் குழலே எமக்கு நினைவில் எழுகின்றது.

நஞ்சியம்மாவின் சொற்களை எவரும் மாற்றவில்லை. ஊரார்க்கு விளங்காதே என்று அஞ்சி அயற்சொல் எதனையும் இடையிற் செருகவுமில்லை. விளங்காத மொழியிலேயே பல்லாயிரவர் அப்பாட்டைக் கேட்டு உருகினர். ஆங்கிலம் கலந்தாலன்றி இளைஞர் செவி சாயார் என்போர்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ?

2021-இல் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யை எண்ணிப் பார்மின். ஈழத்துத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை உட்கொண்டு பாவலர் அறிவு எழுதிய பாட்டு. ஒப்பாரியின் உருக்கம் அதில் உண்டு. நல்ல பாட்டே. ஆயினும் அதன் தலைப்பின் முதற்சொல் ஆங்கிலம்! உள்ளே மண்ணும் மரமும் தமிழில் பேச, வாயிலில் மட்டும் அயலான் ஏன்? இதனினும் உறுத்துவது வேறொன்று. அவ்வாண்டே ஓர் இசையிதழ் அப்பாட்டின் புகழை அட்டையிற் போற்றியபொழுது, எழுதியவர் முகம் அங்கில்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவர் படம் வந்தது. எழுத்தறிந்த பாவலர்க்கே இந்நிலையெனின், கையெழுத்திடவும் அறியாத மலைமகளுக்கு என்ன நேரும்?

ஆதலின் பென்னாகரத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேசியும் ஏடும் கையுமாக அக்குடியிருப்புகளுக்குச் செல்லுங்கள். இசைவு பெற்றுப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், பாடிய சொல், அதன் பொருள் ஆகிய நான்கும் ஏட்டில் ஏறட்டும். பின்னாளில் அப்பதிவால் பொருள் வருமாயின் முதற்பங்கு பாடியவர்க்கே என்று தமிழில் எழுதி, அதனை அவர்க்கு உரக்கப் படித்துக் காட்டி, ஒருபடியை அவர் கையிலேயே கொடுத்து வாருங்கள்.