மேல்நாடும் கீழ்நாடும்

திசைப்பெயர்களுள் கிழக்கு, மேற்கு என்னும் இரண்டும் ஆராயத்தக்கன. கீழ் என்பதனடியாகக் கிழக்கும், மேல் என்பதனடியாக மேற்கும் பிறந்தன. தமிழகத்தின் மேல்பால் மலைத்தொடர் ஓங்கி நிற்க, நிலம் படிப்படியாய்த் தாழ்ந்து கீழ்கடலைச் சேர்கின்றது. காவிரியும் வையையும் பொருநையும் அவ்வழியே இறங்கி ஓடுகின்றன. நீர் புறப்படும் பக்கத்தை மேல் என்றும், சென்றடையும் பக்கத்தைக் கீழ் என்றும் முன்னோர் வழங்கினர்.

இதற்கு மலையாளமொழியும் சான்று பகரும். அந்நாட்டில் மலை கிழக்கேயும் கடல் மேற்கேயும் உள்ளன. ஆயினும் அங்குள்ளார் உயர்ந்த மலைப்பக்கத்தைக் கிழக்கு என்றே கூறுவர். மேற்கையோ ஞாயிறு படியும் திசை என்னும் பொருள்படப் படிஞ்ஞாறு என்பர். 1856-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தின் ஆசிரியர் கால்டுவெல் ஐயர், இச்சொல் மலைக்கு இப்பாலிருந்தே அங்குச் சென்றதெனக் கருதினர்.

இவ்வாறு நிலத்தின் சாய்வைக் குறிக்க எழுந்த சொற்களை மக்களின் உயர்வு தாழ்வுக்கு உரியனவாக மயங்குதலே யாம் வருந்தும் செய்தி. மேல்நாடு என்றவுடன் மேன்மையுடைய நாடென்றும், கீழ்நாடு என்றவுடன் தாழ்ந்த நாடென்றும் நம்மனோர் சிலர் உள்ளத்தே கொள்கின்றனர். கீழத்தெரு என்பதை இழிவுக் குறிப்போடு உரைக்கும் நாவும் உண்டு. மதுரையில் மேலமாசி வீதியும் கீழமாசி வீதியும் ஒரே திருக்கோயிலைச் சூழ்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று இழிந்ததென்பார் உளரோ? சென்னையில் 1869-இல் தோன்றிய கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்து ஏடுகளைத் தாழ்ந்த ஏடுகள் என்பார் உளரோ?

மயக்கந்தரும் இச்சொற்களை விலக்கி, குணக்கு, குடக்கு என்னும் பழஞ்சொற்களை வழங்கலாமே எனின், அது பொருந்தாது. உழவரும் பரதவரும் நாடோறும் வழங்கும் சொல்லின்மேல் பழி சுமத்துதல் முறையன்று. குற்றம் சொல்லினிடத்து இல்லை. கொள்வார் நெஞ்சத்தே உளது. நெஞ்சம் மாறாதாயின், புதுச்சொல்லும் சின்னாளில் அவ்விழிவையே சுமக்கும்.

ஆதலின், தோழர்காள், சொல்லின் மெய்ப்பொருளை உணர்வோம், பிறர்க்கும் உணர்த்துவோம். மேல்நாட்டுக் கலைகளை நல்லன என்பதுபற்றிக் கற்போம். மேல் என்னும் பெயர்பற்றி அவற்றின்முன் தலைவணங்கோம். கீழத்தெருவிற் பிறந்தானைத் திசையால் அறிவோம், தரத்தால் அளவோம். ஞாயிறு எழுவதும் கீழ்த்திசையிலேயன்றோ?