அடுத்து எந்த நூலை வாங்குவது?

புத்தகப் பிரியர்களுக்கு மாதத்தின் முதல் வாரத்திலே எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு: கையிலிருக்கும் பணத்துக்கு எந்த நூலை வாங்குவது? ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு இது விளையாட்டான கேள்வியன்று. 2022 மார்ச்சில், கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. அக்காலந்தொட்டு நூல்களின் விலை ஏறிய ஏற்றத்தில், ஒன்றை எடுத்தால் மற்றொன்றை வைத்துவிட்டு வரவேண்டியிருக்கிறது.

இவ்விஷயத்தில் என் கொள்கை இது. தமிழகத்திலிருந்து வரும் பெயர்பெற்ற நூல்களை வாங்க நான் அவசரப்படுவதில்லை. பாரதி கவிதைகளுக்கும் புதுமைப்பித்தன் கதைகளுக்கும் இன்றைய பதிப்புத் தீர்ந்தால் நாளை வேறொன்று வரும். நூல்நிலையத்தில் இரவலும் பெறலாம். நம் நாட்டு நூலின் கதி அதுவன்று. சில நூறு பிரதிகளே அச்சாகும். அவற்றுள் ஒரு பகுதி நண்பர்களுக்கு அன்பளிப்பாகப் போகும். எஞ்சியவை ஆசிரியரின் கட்டிலின் கீழே கறையானுக்குக் காத்திருக்கும். இரண்டாம் பதிப்புக் காண்பவை மிகச் சில. ஆகவே, மறுபடி அச்சேறும் என்ற உறுதியில்லாத நூலையே முதலில் வாங்க வேண்டும் என்பேன்.

"நூலகம் என்னும் இணைய நூல்நிலையம் 2005 முதல் இவற்றையெல்லாம் பேணி வருகின்றதே" என்று மாணவ நண்பர்கள் கேட்பர். அப்பணி போற்றுதற்குரியது; நானும் அதனாற் பயன்பெறுபவனே. ஆயினும், மின்வடிவாக்குவதற்கு யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் ஒரு பிரதியாவது இருந்தாக வேண்டுமே! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பொது இடத்தில் பத்திரமாக இருக்கின்றன என்று நாம் நம்பியிருந்த நூல்கள் அவை. பின்னர் அரிய நூல்களைத் தேடியோர் தனியார் வீட்டுக் கதவுகளையே தட்ட நேர்ந்தது.

அதற்காக, ஈழத்து நூல் என்று கண்டவுடன் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று நான் கூறவில்லை. இரக்கத்தினால் வாங்கிய நூலை எவரும் வாசிப்பதில்லை. நம் வெளியீட்டு விழாக்களைப் பாருங்கள். பெயர் அழைக்கப்பட்டதும் மேடையேறி, உறையைக் கொடுத்துச் சிறப்புப் பிரதி பெற்று, படமும் எடுத்துக்கொள்கிறோம். அச்சகக் கடனில் ஒரு பங்கு அதனால் தீருமாயின் நல்லதே. ஆனால் அப்பிரதிகளுள் எத்தனை வீட்டிலே விரிக்கப்படுகின்றன? வாசித்துவிட்டு ஆசிரியருக்கு நாலு வரிக் கடிதம் எழுதுவோர் எத்தனை பேர்?

கடையில் நின்றபடியே நூலின் நடுவில் நாலைந்து பக்கங்களை வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். முன்னுரையைத் தொடுவதில்லை, நம் முன்னுரைகளில் எல்லா எழுத்தாளரும் மேதைகளே! நடுப்பக்கம் என்னைப் பிடித்து நிறுத்துமாயின் பிறகுதான் விலையைப் பார்ப்பேன். கடைக்காரர் சற்றே முகஞ்சுளிப்பதுண்டு. அதற்கென்ன செய்வது!

இம்மாதம் அப்படி என்னை நிறுத்தியது ஒரு மலையகச் சிறுகதைத் தொகுதி. சென்னையில் வெளியான நாவலொன்றும் மனத்தை இழுக்கத்தான் செய்தது. அதை நூல்நிலையத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.